நோட்டில் ஆறு கோடு

சைட் நோட்டுகளை நான் பழைய பேப்பருக்குப் போடுவதில்லை. இருபத்து நான்கு வருடத்து நோட்டுகள் பீரோவுக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. வீட்டில் திட்டு விழும், விழட்டும். போன வாரம் பழைய அளவு ஒன்று தேவைப்பட்டுப் பெட்டியை இறக்கினேன். 2023 மே மாதத்து நோட்டு கைக்கு வந்தது. அதில் ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

தளம் போடும் அன்று சிமென்ட் மூட்டையைக் கோடு போட்டு எண்ணுவது என் பழக்கம். மிக்சரில் ஒரு மூட்டை விழுந்தால் ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே போகும், ஒரு கட்டு முடிந்தது. அந்தப் பக்கத்தில் முதல் பதின்மூன்று கட்டும் அச்சடித்த மாதிரி இருக்கின்றன. பதினான்காவது கட்டில் ஆறு கோடு. பதினைந்தாவதில் மூன்றே மூன்று, குறுக்குக் கோடு இல்லை. அதற்கப்புறம் ஒரே ஒரு கோடு, பக்கத்தின் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டே போகிறது. பேனாவோடு நான் சரிந்த இடம் அது.

விருதம்பட்டில், பாலாற்றுப் பக்கமாக ஒரு வீடு. ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளம், பீம் எல்லாம் சேர்த்து 110 மூட்டை ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கத்திரி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இந்த வெயிலில் தளம் போடத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எங்கள் கோஷ்டியில் பாதிப்பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். சிரசுக்குப் போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். அதற்குள் போட்டுவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். காலை ஆறுக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். மிக்சர் வண்டி வந்து சேர்ந்ததே எட்டரைக்கு.

தளம் போட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. முதலில் கொட்டியது இறுகத் தொடங்குவதற்குள் அடுத்த கலவை பக்கத்தில் விழ வேண்டும். இல்லையென்றால் பழையதும் புதியதும் ஒட்டாமல் ஜாயின்ட் விழுந்துவிடும், ஐப்பசி மழையில் அந்த வழியாகத்தான் ஒழுகும். வெயிலில் கலவை இன்னும் சீக்கிரம் இறுகும். இதற்கென்றே ஒரு இந்தியத் தரவிதி இருக்கிறது, ஐஎஸ் 7861. 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் கான்கிரீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அது சொல்கிறது. ஜல்லி மேல் தண்ணீர் தெளி, நிழலில் வை, கலக்கும் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள், போட்ட தளத்தை உடனே ஈரச்சாக்கால் மூடு. டிப்ளமா படித்த காலத்திலிருந்து எனக்கு இது மனப்பாடம். அன்றைக்கும் ஒன்று விடாமல் செய்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஓலை போட்டு நிழல் கட்டியிருந்தேன். ஜல்லிக் குவியலுக்குக் காலையிலேயே ஹோஸ் வைத்து நனைத்தாயிற்று. கலவையைத் தாங்க அடியில் விரிக்கும் சென்ட்ரிங் தகட்டில் வெறுங்காலை வைத்தால் பொசுங்கும் என்பதால் அதன் மேலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் குடித்தது காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், அப்புறம் இரண்டு டீ.

பதினொன்றரை இருக்கும், தலை லேசாக வலித்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் கோபம் வந்தது, அதுவும் எதற்கென்றே தெரியாத கோபம். வைப்ரேட்டர் பிடித்திருந்த பையனை நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசினேன். அவன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. எங்கள் மேஸ்திரி ஊசூர்க்காரர், என்னைவிட மூத்தவர். அவரையே "யோவ்" என்று கூப்பிட்டேனாம். எனக்கு அது நினைவில்லை, பிறகு சொல்லித்தான் தெரியும்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது என் கை. கோடு போடக் குனிந்தபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மயிர்க்கூச்செறிந்து நின்றது, மார்கழியில் தலைக்குக் குளித்த மாதிரி. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று பிசுபிசுத்தது. மே மாதம், உச்சி வெயில், கை குளிர்கிறது. சரி, காற்று வந்துவிட்டது போல என்று நினைத்தேன். அதில் ஒரு சந்தோஷம் வேறு.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா அன்றைக்கு ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தது. பெயர் போட்டால் கோபித்துக்கொள்ளும், அணைக்கட்டு அக்கா என்றே வைத்துக்கொள்வோம். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "சார், மேஸ்திரி கேக்கறாரு, எத்தினி மூட்ட ஆச்சி?" என்றது.

நான் சொன்ன பதில், "நாளைக்கு."

"இன்னா சார்?"

"நாளைக்குத்தான் சிரசு."

அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. க்யூரிங்குக்கு, அதாவது போட்ட தளத்தை நனைக்க, வைத்திருந்த பக்கெட்டைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தது. அப்புறம் இன்னொரு பக்கெட். "ஒக்காரு சார், ஒக்காரு" என்று அது கத்தியது மட்டும் காதில் விழுந்தது. உட்காரவில்லை, சரிந்தேன். பக்கத்தில் முடிந்திருந்த அறைக்குள் இழுத்துப்போட்டு, காலுக்கடியில் நாலு செங்கல் வைத்து, ஒரு பலகைத் துண்டால் விசிறிக்கொண்டே இருந்ததாம். மேலே தளம் போடுவது நிற்கவில்லை. மேஸ்திரி நிற்க விடவும் மாட்டார், அவர் தொழில் அப்படி.

அக்கா செய்தது அத்தனையும் சரி என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். ஒன்றைத் தவிர. அதற்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் கிளினிக்கில் படுத்தபடி கேட்டுக்கொண்டதையும், அதற்கப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பின் உள்சூடு 37 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்க வேண்டும். வேலை செய்தால் தசை சூடாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது, வியர்வை சுரக்கிறது. வெளியே காற்றே 40 டிகிரி இருந்தால், தோலிலிருந்து காற்றுக்குச் சூடு போகாது, காற்றிலிருந்துதான் தோலுக்கு வரும். மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை காய்வதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காய்ந்தால்தான், சொட்டிக் கீழே விழுந்தால் அந்தத் தண்ணீர் வீண். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும், கூடவே உப்பும் போகும். ரத்தத்தில் தண்ணீர் குறைகிறது. இருக்கிற ரத்தத்தைத் தோலும் கேட்கிறது, தசையும் கேட்கிறது, நின்றுகொண்டிருந்தால் காலிலும் கொஞ்சம் தேங்குகிறது. மூளைக்குப் போவது குறைந்துவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு, படபடவென்று அடிக்கும் நாடி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அப்போது வருவதுதான். தோல் ஈரமாக, ஜில்லென்று இருக்கும், சிலருக்குப் புல்லரிக்கும். இதைத்தான் வெப்பச் சோர்வு என்கிறார்கள்.

அந்த இடத்தில் நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, நனைத்து, விசிறி, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் அரைமணி, ஒருமணியில் ஆள் தெளிந்துவிடுவார். நிறுத்தாமல் போனால் உள்சூடு 40-ஐத் தாண்டும். அதற்குப் பேர் வேறு, ஹீட் ஸ்ட்ரோக். அதில் உயிர் போகும்.

இரண்டுக்கும் நடுவில் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? வியர்வை நின்றுவிட்டால் ஸ்ட்ரோக், வியர்த்தால் பயமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம் ஆட்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டரம்மா அதை உடைத்தார். நிழலில் படுத்திருக்கும் வயசானவர்களுக்கு வியர்வை வற்றிப்போகலாம். ஆனால் வேலை செய்துகொண்டே விழுகிறவருக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகும் தொப்பலாக வியர்த்திருக்கும். பார்க்க வேண்டியது தோலை இல்லை, பேச்சை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால், நாக்குக் குழறினால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், அதை வெறும் சோர்வு என்று நினைக்கவே கூடாது. "மூட்டை எத்தனைன்னு கேட்டா சிரசு நாளைக்குன்னு சொன்னீங்களாமே. அப்பவே 108-க்கு அடிச்சிருக்கணும். ஆட்டோவில போட்டுக்கிட்டு வந்திருக்காங்க" என்றார். அக்கா விட்டது அந்த ஒன்றைத்தான். அதையும் அது விட்டதாகச் சொல்ல மாட்டேன், சைட்டில் போன் வைத்திருந்தவர்கள் நாங்கள் எத்தனையோ பேர். கிளினிக்கில் பார்த்தபோது கக்கத்தில் 101 காட்டியது. அதற்குள் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறியிருந்தேன், தவிர கக்கத்தில் வைத்தால் உள்ளே இருப்பதைவிடக் குறைத்துத்தான் காட்டுமாம். "எல்லையில நின்னுட்டுத் திரும்பி வந்திருக்கீங்க" என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது, நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும், பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, கக்கம், தொடை இடுக்கில் வைக்க வேண்டும், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, பாரசிட்டமால் இந்தச் சூட்டுக்குக் கேட்காது என்று அடுக்கிக்கொண்டே போனார். காய்ச்சலில் உடம்பு தானாகச் சூட்டை ஏற்றி வைக்கிறது, அதைத்தான் அந்த மாத்திரை இறக்கும். இது வெளியிலிருந்து ஏறிய சூடு.

என் பிபி மாத்திரையை வாங்கிப் பார்த்தார். அதில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. மூன்று வருடமாக விழுங்குகிறேன், அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. நானாக நிறுத்தக் கூடாது, ஆனால் ஒவ்வொரு கோடைக்கு முன்னாலும் வந்து கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நம் பேச்சில் இருக்கும் ‘சூடு’ வேறு. மாம்பழம் சூடு, கோழிக்கறி சூடு, வெந்தயம் குளிர்ச்சி, சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்தால் சூடு இறங்கும். என் அம்மா இதில் பெரிய நிபுணர். அன்று இரவு வந்து என் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டுப் போனார். இதமாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சூட்டைப் பற்றி இத்தனை பேசுகிற நாம் தெர்மாமீட்டரில் ஏறுகிற சூட்டை லேசில் விட்டுவிடுகிறோம். "வெயில் அடிச்சிருக்கு, ஒரு சோடா குடி" என்பதோடு முடிந்தது. ஒன்று சொல்ல வேண்டும், எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட சோடா அவ்வளவு மோசமான யோசனையும் இல்லை.

வேலூரை வெயிலூர் என்பார்கள். சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி பண்ணும் பழைய பட்டியல் ஒன்று உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், ஆற்றுக்குத்தான் இன்னும் விடிவில்லை. கடற்காற்று சென்னையை மத்தியானமே தொட்டுவிடும், இவ்வளவு தூரம் உள்ளே வந்து சேர்வதற்குள் அதில் குளிர்ச்சி மிஞ்சாது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரியில் நமக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை. சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொட்டு, அந்த ஊரின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வானிலைத் துறை ‘வெப்ப அலை’ என்று சொல்லும், அல்லது நேராக 45-ஐத் தொட வேண்டும். எங்களுக்கு மே மாதத்து வழக்கமே 39-ஐ ஒட்டித்தான். ஆக 41, 42 அடித்தாலும் கணக்குப்படி அது அலை இல்லை, சாதாரண நாள். பேப்பரில் ‘வெயில் சதம் அடித்தது’ என்று போடுவது பாரன்ஹீட்டில். அதுவும் நிழலில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் வைத்து அளந்தது. சென்ட்ரிங் தகட்டின் மேல் நிற்பவனுக்கு எத்தனை டிகிரி என்று எந்தப் பேப்பரிலும் வராது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் உண்டு.

இரண்டு நாள் கழித்து சைட்டுக்குப் போனேன். அக்காவுக்கு நன்றி சொல்லப் போனவன், பெரிய மனுஷன் மாதிரி, "நீயும் தண்ணி நெறைய குடிக்கா" என்று புத்தி சொன்னேன். அது சட்டியைத் தட்டிக் கவிழ்த்தபடி சொன்னது: "குடிச்சா எங்க சார் போறது?"

இருபத்து நான்கு வருடம். எத்தனை தளம், எத்தனை வீடு. ஒவ்வொரு சைட்டிலும் சிமென்ட் நனையாமல் இருக்க முதல் நாளே தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். ஆம்பளைகள் சுவர் மறைவுக்குப் போய்விடுவார்கள். சித்தாளாக வரும் பெண்கள் காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை, ஒதுங்க இடமில்லாததால், வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். "நீர்க்கடுப்பு எங்களுக்கெல்லாம் வருஷம் பூரா உண்டு சார்" என்றது, ஊர்த் திருவிழா தேதியைச் சொல்கிற மாதிரி. அந்தத் தளத்தில் விழ வேண்டியது நானா, அதுவா? ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லாமல் அது நின்றிருக்கிறது, நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். பழக்கம் என்பது அவ்வளவு பெரிய விஷயம் என்று அப்புறம்தான் படித்தேன். வெயிலில் தொடர்ந்து வேலை செய்தால் ஒன்று இரண்டு வாரத்தில் உடம்பு பழகும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்புக் குறையும். கொஞ்ச நாள் விட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும். நான் அந்த ஏப்ரல் முழுக்க ஏசி அறையில் எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருந்தவன். சிரசு முடிந்து வரும் ஆட்களுக்கும் முதல் சில நாள் ஆபத்துதான். எங்கள் கோஷ்டியில் யாரும் அதை யோசித்ததே இல்லை, வந்த அன்றே முழு வேலை.

இப்போது சைட்டுக்கு மனை பூஜை போடும் முன்னாலேயே கக்கூஸுக்குக் குழி தோண்டி, நாலு தகரம் அடித்து, உள்ளே தாழ்ப்பாள் வைத்துவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள், எஸ்டிமேட்டில் ஒரு வரி அவ்வளவுதான். கத்திரியில் தளம் என்றால் ராத்திரி மூன்று மணிக்கு லைட் போட்டு ஆரம்பித்து எட்டுக்குள் முடிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போட்டதும் உண்டு, மிக்சர் சத்தம் அப்படி.

ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கி வைத்தேன். 20.5 கிராம் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டும். பையன்கள் டம்ளருக்கு ஒரு பொட்டலம் என்று கொட்டினார்கள், அது தப்பு, உப்புக் கூடிப்போகும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. ஆனால் உண்மையைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அந்த ருசி பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி வாடை சார்" என்று வைத்துவிட்டார்கள். பத்து மணிக்குக் கூழ் வண்டி ஒன்று அந்தத் தெருவில் வரும். கேழ்வரகுக் கூழ், மோர், உப்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். அதை இரண்டு சொம்பு இறக்குகிறார்கள். தண்ணீரும் உப்பும் மாவும் அதிலேயே இருக்கிறது. நடக்கிற ஆளுக்கு அது போதும், விழுந்த ஆளுக்குப் பொட்டலம் பெட்டியில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் உப்பு நீர்த்துப்போய் வேறு தொந்தரவு வரும், அதனால் மோர்ப் பானை எப்போதும் உண்டு.

இன்னொன்றும் செய்கிறோம். வெயிலில் யாரும் தனியாக ஒரு மூலையில் வேலை செய்வதில்லை, இரண்டு இரண்டு பேராகத்தான். தனக்கு வெயில் ஏறுவது தனக்குத் தெரியாது என்பதற்கு என் நோட்டே சாட்சி. அதனால் யாராவது காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் பதிலுக்குச் சண்டை போடாமல், மூட்டை எத்தனை என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். போன கோடையில் மேஸ்திரி என்மேல் ஒருநாள் பாய்ந்தார். வைப்ரேட்டர் பையன் ஓடிவந்து, "மேஸ்திரி, மூட்ட எத்தினி?" என்றான். "உங்கப்பன் ஊட்டுக் கணக்கா, அறுபத்தி மூணுடா" என்று சரியாகச் சொன்னார். கோபம் உண்மையான கோபம்தான்.

அந்தப் பக்கத்துக் கணக்கு மட்டும் வெகுநாள் இடித்துக்கொண்டிருந்தது. அன்று இறங்கியது 115 மூட்டை, மீதி நின்றது 4. அப்படியென்றால் 111 ஆகியிருக்க வேண்டும். காலி சாக்கை எண்ணிப் பார்த்தால் 109. கடைக்காரரோடு போனில் ஒரு மூச்சு கத்தினேன், அவரும் விடவில்லை. பிறகு அணைக்கட்டு அக்காதான் சொன்னது. நனைந்த ஆளை ஏற்ற மாட்டேன், சீட்டு போய்விடும் என்று ஆட்டோக்காரர் அடம்பிடித்தாராம். இரண்டு சாக்கை உதறி விரித்து அதன்மேல் என்னை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சாக்கு ஆட்டோவோடு போய்விட்டது.